காதுக்குள் ஒரு பொல்லாத முத்து

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளை மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு வளைவாகக் குழந்தைகள் உரக்க எண்ணிக்கொண்டு வருவார்கள். பாதி வளைவுகள் முடிவதற்குள் காது 'ம்' என்று அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் 'பட்' டென்று திறந்துகொள்ளும். பக்கத்து ஸீட்டுக்காரர் இத்தனை நேரமும் உரக்கத்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரியும்!

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம், என் தமக்கை குடும்பத்தோடு நானும் அந்த மலைக்குப் போனேன். முதல் நாள் ஏரியும் படகுமாகக் கழிந்தது. மறு நாள் சேர்வராயன் கோயில். கடல் மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேல், மலையின் தலையில் இருக்கிறது அந்தக் குகைக் கோயில். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிற கோயில் அல்ல; தலையைக் குனிந்துகொண்டு போகிற கோயில். ஒடுக்கமான, இருட்டான குகைக்குள்ளே சேர்வராயரும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். வருஷா வருஷம் மே மாதத்தில் மலைவாழ் மக்கள் கூடித் திருவிழா நடத்துகிறார்கள்.

குகைக்குள் என் மருமாள் எனக்கு முன்னால் நின்றாள். பதினோரு வயசு. தலை நிறைய மல்லிகை. அந்த மல்லிகை வாசனையையும் கற்பூர வாசனையையும் மீறிக்கொண்டு இன்னொரு வாடை வந்தது. வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். இடது காதில் பஞ்சு. பூவை அந்தப் பக்கமாகவே தொங்கவிட்டிருந்தாள் அவள் தாயார்.

"ஒன்றுமில்லை, தம்பி. நாலைந்து வருஷமாகவே அவளுக்கு இந்தக் காது கொஞ்சம் ஈரமாக இருக்கும். சொட்டு மருந்து விட்டால் நின்றுவிடும், மறுபடியும் வரும். ஆனால் வலியே கிடையாது. பெரியவளானால் தானே சரியாகிவிடும் என்கிறார் மாமியார்" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரிடமும் சொல்லி வைக்காதே. பெண் குழந்தை" என்றாள்.

'வலியே கிடையாது' என்று அவள் சொன்ன அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வலி இல்லாததால்தான் இந்த வியாதி வருஷக் கணக்கில் வீட்டோடு குடியிருக்கிறது.

மலை இறங்கும் காது

மலையிலிருந்து இறங்கும்போது எங்கள் எல்லோருக்கும் காது அடைத்துத் திறந்தது. குழந்தைக்கு மட்டும் இடது காது திறக்கவே இல்லை. சேலம் வந்த மறு நாளே காது, மூக்கு, தொண்டை டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அன்றைக்கும், அதற்குப் பிறகும் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

காதுச் சவ்வுக்கு உள்ளே இருக்கும் சிறு அறையில் காற்று இருக்கிறது. அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. மூக்கின் பின்புறத்தில் போய்த் திறக்கும் மெல்லிய குழாய் அது. பதினாறாம் நூற்றாண்டில் அதை விவரித்து எழுதிய இத்தாலிய வைத்தியர் யூஸ்டேஷியின் பெயரால் யூஸ்டேஷியன் குழாய் என்று அழைக்கிறார்கள். நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து, உள்ளேயும் வெளியேயும் காற்றின் அழுத்தத்தைச் சமமாக்குகிறது. மலை ஏறும்போது உள்ளேயிருக்கும் காற்று சுலபமாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சங்கடம். வெளிக் காற்று கனமாகிக்கொண்டே வந்து சவ்வை உட்பக்கமாக அழுத்தும். குழாய் திறந்தால்தான் விமோசனம்.

சில பேருக்கு இந்தக் குழாய் சரிவர வேலை செய்வதில்லை. ஓயாத ஜலதோஷம், குழந்தைகளுக்கு மூக்கின் பின்னால் வளரும் சதை, பிறவியிலேயே பிளந்த அண்ணம் இவையெல்லாம் காரணமாகலாம். உள்ளே இருக்கும் காற்றை உடம்பு மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது; புதுக் காற்று வருவதில்லை. சமவெளியில், சொந்த வீட்டில் உட்கார்ந்திருந்தாலும், அந்தக் காது எப்போதும் மலை இறங்கிக்கொண்டே இருக்கிறது! வருஷக் கணக்கில் இப்படி இழுபட்டால், சவ்வின் மேல் பகுதி உள்ளே குழிந்து ஒரு சிறு பை போல ஆகிவிடுகிறது.

அந்தப் பையில்தான் வினை.

பரணில் சேரும் குப்பை

காதை ஒரு பழைய காலத்து வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிக் காதுத் துவாரம்தான் ரேழி. ரேழியின் கோடியில் ஒரு மெல்லிய திரை. அதுதான் காதுச் சவ்வு. திரைக்கு அப்பால் கூடம்; அதாவது நடுக் காது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் கோத்துக்கொண்டு சத்தத்தை உள்ளே கடத்துவது இங்கேதான். கூடத்துக்கு மேலே ஒரு பரண் இருக்கிறது. இது என் கற்பனை இல்லை. டாக்டர்களே இங்கிலீஷில் அதைப் பரண் என்றுதான் சொல்கிறார்கள். பின்னால், காது மடலுக்குப் பின்புறம் கையை வைத்தால் கெட்டியாகத் தட்டுப்படும் எலும்பு கொல்லைப்புறம். மாஸ்டாய்ட் என்று பெயர். தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் கொண்டது.

நம் உடம்புத் தோலின் மேல் அடுக்கு தினமும் செத்து உதிர்கிறது. காதுத் துவாரத்துத் தோலுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. சவ்வின் நடுவிலிருந்து வெளி வாசலை நோக்கி அது மெதுவாக நகர்ந்து வந்து, அழுக்கைத் தானே வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே ஹேர்பின்னுக்கும் பஞ்சு சுற்றிய குச்சிக்கும் அங்கே வேலையே இல்லை.

ஆனால் குழிந்த பைக்குள் இருக்கும் தோல் எங்கே போகும்? வாசல் குறுகல். உதிர்ந்ததெல்லாம் உள்ளேயே தங்கி, வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காகச் சேர்ந்து, வெள்ளை வெளேரென்று ஒரு கட்டியாகிறது. அதில் கிருமிகள் குடியேறினால் சீழும் துர்நாற்றமும் வரும். இதைவிட மோசம், அந்தக் கட்டியைச் சுற்றியுள்ள எலும்பு சிறிது சிறிதாகக் கரைவதுதான்.

இதற்குக் 'கொலஸ்டியட்டோமா' என்று பெயர் வைத்தவர் ஜெர்மன் விஞ்ஞானி யோஹன்னஸ் முல்லர், வருஷம் 1838. கொழுப்புக் கட்டி என்று நினைத்து வைத்த பெயர். உண்மையில் அது கொழுப்பும் இல்லை, புற்றுநோயும் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் சாதாரணத் தோல்! அதற்குச் சில வருஷம் முன்னால் க்ரூவேல்யே என்ற பிரெஞ்சு வைத்தியர் அதை முத்துப் போன்ற கட்டி என்று வர்ணித்திருந்தார். அந்தப் பெயரே பொருத்தம். காதில் முத்துப் போடுவது நமக்கு அழகு. காதுக்குள் முத்து விளைவது அபாயம்.

அக்கம் பக்கத்தார்

ஏன் அபாயம்? வீடு அமைந்திருக்கும் இடம் அப்படி. பரணின் கூரை மெல்லிய எலும்பு. அதற்கு மேலே மூளை. கொல்லைச் சுவரை ஒட்டி, மூளையிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய சிரை. பக்கத்து அறையில் கேட்கும் கருவியும், நாம் தள்ளாடாமல் நிற்க உதவும் கருவியும். சுவருக்குள் பதித்த மின்சார ஒயர் போல முகத்தை அசைக்கும் நரம்பு. முத்து வளர வளர, முதலில் குட்டி எலும்புகள் அரிக்கப்பட்டுக் காது மந்தமாகும். அப்புறம் தலை சுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல், மூளைக் காய்ச்சல், மூளையில் சீழ்க்கட்டி என்று விபரீதங்கள் தொடரலாம்.

இதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. ஆங்கில நாடகாசிரியர் ஆஸ்கார் ஒயில்டின் தகப்பனார் ஸர் வில்லியம் ஒயில்ட், டப்ளின் நகரில் பேர் பெற்ற காது வைத்தியர். காதுக்குப் பின்னால் கீறிச் சீழை வெளியேற்றும் முறைக்கு அவர் பெயரே வழங்கியது. காதில் சீழ் வடிவதை அலட்சியம் செய்யக் கூடாது என்று 1853-ல் புஸ்தகமே எழுதியவர். அவர் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது? 1900 அக்டோபரில் பாரிஸ் ஓட்டல் ஒன்றில் காதில் ஆபரேஷன் நடந்தது. நவம்பர் 30-ம் தேதி, 46-வது வயசில், காது நோய் மூளைக்குப் பரவி ஒயில்ட் காலமானார். அவருக்கு இருந்தது கொலஸ்டியட்டோமாதான் என்று 2000-ம் வருஷம் 'லான்ஸெட்' மருத்துவப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்கள் வாதிட்டார்கள்.

இன்று ஒயில்டுக்கு இல்லாத வசதிகள் நமக்கு இருக்கின்றன. ஆனாலும் உலக சுகாதார ஸ்தாபனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், காதுச் சீழ் நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது. வடிகிற காதெல்லாம் கொலஸ்டியட்டோமா ஆகாது. சவ்வின் நடுவில் ஓட்டை விழுந்து, ஜலதோஷம் பிடிக்கும்போது நிறைய, நாற்றமில்லாமல் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லாத ரகம். கொஞ்சமாக, ஆனால் விடாமல், நாற்றத்தோடு வடிந்தால் எச்சரிக்கை! எந்த ரகம் என்பதைக் காதுக்குள் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உளியிலிருந்து மைக்ராஸ்கோப் வரை

சொட்டு மருந்து கிருமியை அடக்கும், ஈரத்தை நிறுத்தும். முத்தைக் கரைக்காது. ஆபரேஷன்தான் வழி.

1873-ல் ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸே என்பவர், உளியையும் சுத்தியையும் கொண்டு மாஸ்டாய்ட் எலும்பைத் திறந்து சீழை வெளியேற்றும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதினார். கொல்லைப்புறத்தை மட்டும் திறந்தால் பரணில் உள்ள முத்துப் போகாதே! ஆகவே அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ரேழி, கூடம், பரண், கொல்லை எல்லாவற்றையும் ஒரே குழியாக்கும் பெரிய ஆபரேஷன் வந்தது. உயிர் பிழைத்தது, கேட்கும் சக்தி போயிற்று. நல்ல நிலையில் இருக்கும் சவ்வையும் எலும்புகளையும் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டு, 1910-ல் பாண்டி என்ற வைத்தியர் அவற்றை விட்டுவைக்கும் முறையைச் சொன்னார். (நம் புதுச்சேரிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை!)

1921-ல் ஸ்வீடனில் நைலேன் என்ற இளம் டாக்டர் காது ஆபரேஷனுக்கு முதன்முதலாக மைக்ராஸ்கோப்பை உபயோகித்தார். 1953-ல் ஸைஸ் கம்பெனி ஆபரேஷனுக்கென்றே நல்ல மைக்ராஸ்கோப்பைத் தயாரித்தது. உளி போய், சுழலும் டிரில் வந்தது. ஜெர்மனியில் வுல்ஸ்டைன், ஸோல்னர் இருவரும் சவ்வையும் எலும்புத் தொடரையும் திரும்பக் கட்டும் வித்தையைப் பரப்பினார்கள். 1990-களிலிருந்து எண்டாஸ்கோப்பும் சேர்ந்துகொண்டது. மைக்ராஸ்கோப் நேர்க்கோட்டில்தான் பார்க்கும். எண்டாஸ்கோப் மூலை திரும்பிப் பார்க்கும். சிறிய முத்தாக இருந்தால், காதுக்குப் பின்னால் வெட்டாமல், துவாரத்தின் வழியாகவே எடுத்துவிட முடிகிறது.

சுவரை இடிப்பதா, வைப்பதா?

முத்துப் பெரிதாகிக் கொல்லைப்புறம் வரை போயிருந்தால், டாக்டர் முன்னால் ஒரு பழைய கேள்வி நிற்கிறது. ரேழிக்கும் கொல்லைக்கும் நடுவே உள்ள எலும்புச் சுவரை என்ன செய்வது?

ஒரு வழி, சுவரை எடுத்துவிடுவது. எல்லாம் ஒரே வெளியாகிவிடும். ஒளிய மூலையே இல்லாததால் முத்து மிஞ்சுவதும் திரும்ப வருவதும் குறைவு. வந்தாலும் டாக்டரின் விளக்கு வெளிச்சத்தில் உடனே தெரியும். பெரும்பாலும் ஒரே ஆபரேஷனில் முடியும். ஆனால் அந்தப் பெரிய குழி பழையபடி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளாது. ஆறு மாதத்துக்கோ, வருஷத்துக்கோ ஒரு முறை டாக்டரிடம் போய்ப் பெருக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் போகக் கூடாது. குளிர்ந்த காற்றோ, ஜலமோ பட்டால் தலை சுற்றும். காது வாசலையும் சற்றுப் பெரிதாக்கியிருப்பார்கள்.

இன்னொரு வழி, சுவரை வைத்துக்கொண்டே முன்புறமும் பின்புறமும் புகுந்து முத்தை எடுப்பது. 1958-ல் யான்ஸன் என்ற ஜெர்மானியர் எழுதி, அமெரிக்காவில் ஹவுஸ் முதலியவர்கள் பரப்பிய முறை. காது பழைய அமைப்பிலேயே இருக்கும். குணமான பிறகு குளியல், நீச்சல் எல்லாம் சுலபம். காது கேட்கும் கருவி தேவைப்பட்டாலும் நன்றாகப் பொருந்தும். ஆனால் சுவருக்குப் பின்னால் ஒரு கடுகு அளவு தோல் மிஞ்சினாலும் மறுபடி முத்தாகிவிடும். அதனால் ஒரு வருஷம் போல் கழித்து மீண்டும் திறந்து பார்ப்பது வழக்கம். இப்போது சில பேருக்கு விசேஷ எம்.ஆர்.ஐ. ஸ்கானிலேயே பார்த்துவிட முடிகிறது.

சுவரை எடுத்துவிட்டு, குழியை எலும்புத் தூள், குருத்தெலும்பு, தசை இவற்றால் தூர்த்துவிடும் மூன்றாவது வழியும் உண்டு.

எது உசத்தி? முத்தின் அளவு, மாஸ்டாய்டின் அமைப்பு, மற்றக் காது எப்படிக் கேட்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சில சமயம் காதைத் திறந்த பிறகே தெரியும். ஆனால் எங்கள் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி என்னைத் திகைக்க வைத்தது: "உங்கள் வீடு எங்கே இருக்கிறது?"

விலாசத்துக்காகக் கேட்கவில்லை. குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைத்து வருவார்களா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். பஸ்ஸே போகாத மலைக் கிராமத்திலிருந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களிடம், 'அடுத்த வருஷம் இன்னொரு ஆபரேஷனுக்கு வாருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டு டாக்டர் எப்படி நிம்மதியாகத் தூங்குவது? அவர்களுக்குச் சுவரை எடுப்பதே உயிருக்குப் பத்திரம்.

அக்காவின் கேள்விகள்

அக்கா அன்று ராத்திரி முழுவதும் தூங்கவில்லை. காலையில் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

முகம் கோணிவிடுமா? முகநரம்பு ஆபரேஷன் நடக்கும் இடத்திலேயே ஓடுகிறது; ஆகவே அபாயமே இல்லை என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஆனால் அனுபவமுள்ள கைகளில் அது மிக அபூர்வம். ஆபரேஷன் செய்யாமல் விட்டாலும் முத்து அதே நரம்பை அரிக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காது நன்றாகக் கேட்குமா? இதில்தான் பல தாய்மார்கள் ஏமாறுகிறார்கள். இந்த ஆபரேஷனின் முதல் நோக்கம் உயிருக்கும் மூளைக்கும் பத்திரம். இரண்டாவது, காது உலர்ந்திருப்பது. கேட்பது மூன்றாவதுதான்.

தழும்பு தெரியுமா? காதுக்குப் பின் மடிப்பில் மறைந்துவிடும். நாக்கு ருசி மாறுமா? நாக்குக்குப் போகும் ஒரு சுவை நரம்பு கூடத்தின் குறுக்கே ஓடுகிறது. அதனால் சில மாதங்கள் நாக்கின் ஒரு ஓரத்தில் உலோகம் போல் ருசிக்கலாம். பெரும்பாலும் தானே சரியாகும்.

தாளில் இல்லாத ஐந்தாவது கேள்வியையும் அக்கா கேட்டாள். "நான் முன்பே அழைத்து வந்திருக்க வேண்டுமோ?" டாக்டர் அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. "இப்போது வந்துவிட்டீர்கள் அல்லவா?" என்றார்.

குழந்தைக்குச் சுவரை வைத்தே ஆபரேஷன் செய்தார்கள். பட்டடை எலும்பு ஏற்கெனவே பாதி கரைந்திருந்தது. மறு வருஷம் சொன்ன தேதியில் திறந்து பார்த்தபோது, மிளகு அளவில் ஒரு முத்து ஒளிந்திருந்தது. அதை எடுத்து, எலும்புத் தொடரையும் சரிக்கட்டினார்கள். அன்று நாங்கள் போகாமலிருந்தால்? நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

சகோதரிகளே, ஞாபகமிருக்கட்டும்

வடிகிற காதில் சுட வைத்த எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள். எண்ணெய் ஸ்நானத்தின்போது வாஸலின் தடவிய பஞ்சை வைத்து, தண்ணீர் போகாமல் பாருங்கள். நாற்றம், மந்தம், ஒரே காதில் திரும்பத் திரும்ப ஈரம் இருந்தால் காது டாக்டரிடம் காட்டுங்கள். காது நோயாளிக்குத் தலை சுற்றல், கடுமையான தலைவலி, ஜுரத்தோடு வாந்தி, முகம் கோணுதல் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் உத்தரவு தரும் வரை மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது. விமானமும் மலைப் பிரயாணமும் கூடாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாமல், காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று அங்கேயே விசாரியுங்கள்.

இந்த வருஷம் மே மாதம், டாக்டரின் உத்தரவோடு, நாங்கள் மறுபடியும் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். திருவிழாக் கூட்டம். மலைக் கிராமங்களிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்திருந்தார்கள். வருஷம் தவறாமல் வருகிறவர்கள். அக்கா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நமக்கும் அடுத்த மாதம் டாக்டரிடம் தேதி இருக்கிறது, ஞாபகப்படுத்து" என்றாள்.

குனிந்து குகைக்குள் போனோம். மருமாள் எனக்கு முன்னால் நின்றாள். காதில் பஞ்சு இல்லை. இந்தத் தடவை மல்லிகை வாசனையும் கற்பூர வாசனையும் மட்டுமே இருந்தன.